எது சுத்தம்? எது தீட்டு?

(கொடுமுடியில் செய்த சொற்பொழிவு)

இக்கொடுமுடிக் காவிரியில் ஆடிப் பதினெட்டன்று ஆயிரக்கணக்கானவர்கள் முங்கியெழுகிறார்கள். பங்குனி உத்திரத்திற்கு இதே தண்ணீரைக் காவடி கட்டிப் பழனிக்குச் சுமக்கிறார்கள். இத்தனை பேர் அழுக்குச் சேர்ந்தாலும் இதற்குத் தீர்த்தம் என்று பெயர். ஆனால் 1927-ல் மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் டாக்டர் அம்பேத்கரும் தாழ்த்தப்பட்ட மக்களும் பொதுக்குளத்துத் தண்ணீரைக் குடித்தபோது, குளம் தீட்டாகிவிட்டதென்று வைதீகர்கள் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் 108 குடம் ஊற்றிச் "சுத்தம்" செய்தார்கள். மாட்டுச் சாணி விழுந்தால் சுத்தம், மனிதன் கை பட்டால் தீட்டு என்றால் இது என்ன நியாயம்?

விஞ்ஞானம் சுத்தம் செய்யும் விதத்தைப் பாருங்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிறார்கள். மெல்லிய சவ்வின் ஒருபுறம் இரத்தமும் மறுபுறம் உப்புகள் கரைத்த நீரும் ஓடும். இரத்தக் கழிவு அந்நீருக்குள் இறங்கும். நிமிஷத்திற்கு அரை லிட்டர் வீதம் 4 மணி நேரத்திற்கு 120 லிட்டர் வேண்டும். பெரும்பாலோருக்கு வாரத்தில் 3 தரம் இப்படி. அவ்வளவும் ஒரே தடவை ஓடிச் சாக்கடைக்குப் போகிறது. ஆகவே நல்ல நீருக்கு வசதியுள்ள இடத்தைத் தேடியே நோயாளி அலைய வேண்டியிருக்கிறது.

இதற்கு வழியாக 1973-ல் அமெரிக்காவில் "ரெடி" என்னும் பொறி வந்தது. சுமார் 6 லிட்டரையே அது திரும்பத் திரும்ப ஓட்டியது. வழியிலுள்ள குப்பியில் யூரியேஸ் என்னும் பொருள் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். ஜிர்க்கோனியம் பாஸ்பேட் அதைப் பிடித்துக்கொள்ளும். கரி மற்றக் கழிவுகளை உறிஞ்சும். கூடவே போய்விடும் சுண்ணாம்புச் சத்தை மறுபடி சேர்ப்பார்கள். மந்திரமுமில்லை, தர்ப்பையுமில்லை. அம்மோனியா மிஞ்சியிருக்கிறதா என்று நீரைச் சோதித்தார்கள். குப்பியிலிருந்து அலுமினியம் கசிவதையும் சோதனையே காட்டிக்கொடுத்தது. அப்பொறி பின்னாளில் நின்றுபோனாலும் அதே வழியில் சிறு பொறிகள் செய்யும் முயற்சி இன்றும் நடக்கிறது.

கழிவு பட்ட நீரா என்று முகஞ்சுளிப்பவர்களை நாம் கேட்கிறோம்: கோமியத்தைக் குடிக்கும்போது இந்த அருவருப்பு எங்கே போயிற்று? நீர் சுத்தமா என்பதைச் சோதனை சொல்லவேண்டுமேயல்லாமல், சாஸ்திரமும் ஜாதியும் எப்படிச் சொல்ல முடியும்?

தோழர்களே! சிறுநீரகம் செயலிழந்தவன் உடம்பில் குடித்த நீரே தேங்கி மூச்சை அடைக்கும். அப்படிப்பட்டவனுக்குப் பரிகாரமென்று தீர்த்தம் கொடுப்பது பக்தியா, கொலையா? அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இச்சிகிச்சை இலவசமாகவே நடக்கிறது. தீர்த்தக் குடத்திற்குச் செலவிடும் பணத்தை அவன் வழிச்செலவுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.