இல்லத்தில் தொடங்கும் நலம்



உடல்நலம் மருத்துவமனையில் மட்டும் பெறப்படும் பொருளன்று. இல்லத்தின் சூழலும் சுற்றத்தாரின் பழக்கவழக்கங்களும் அதனை ஆக்கவும் வல்லன, அழிக்கவும் வல்லன. இவ்வுண்மையைக் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் 80 ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

1941ஆம் ஆண்டில், ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில், கிள்ளான் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியவற்றையும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர்.

அக்கோரிக்கைகளைச் சேர்த்து நோக்கினால் ஆழ்ந்த கருத்தொன்று புலனாகும். கள்ளுக்கடைக்குச் சென்ற கூலி, பிள்ளையின் பாலையும் தாயின் சோற்றையும் குறைத்தது. உறவினர் வந்துபோகாத லயத்து வீட்டில் துயரைக் கேட்க ஆளில்லை; கேட்பாரற்ற துயர் மீண்டும் கள்ளையே நாடிற்று. கூலி, கல்வி, உறவு, மருந்து ஆகிய நான்கும் ஒரே நலத்தின் கூறுகளேயாகும்.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆயினும், தீங்கு வேறு வடிவில் இல்லத்தினுள் புகுந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, அஃதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர்.

இனிப்பு நீர் பரம்பரை நோய் என்று பலர் மனந்தளர்ந்து விடுகின்றனர். குருதிவழி வருவதும் உண்டு என்பது மெய்யே. ஆனால், தலைமுறை தோறும் தொடர்ந்து வருவது அடுக்களைப் பழக்கமுமாகும். பாட்டனார் அருந்திய டின் பால் தேநீரையே பேரனும் அருந்துகின்றான். நோயுற்றவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால், அஃது அவருக்குத் தண்டனையாகத் தோன்றும். சில நாள்களில் கைவிடப்படும். இல்லத்தார் அனைவரும் ஒருசேரச் சர்க்கரையைக் குறைத்து, மாலையில் ஒன்றாக நடந்துவந்தால், நோயுற்றவருக்கு அது மருந்து. இளையோருக்கு அது காப்பு.

விருந்தோம்பலும் இதற்கேற்ப அமைதல் வேண்டும். இனிப்பு வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமையே அன்பு. சர்க்கரையில்லாத தேநீரை ஒருவர் நாணமின்றிக் கேட்கக்கூடிய வீடே நல்ல வீடு.

கள்ளுக்கடையை மூடும் அதிகாரம் அன்றைய தொழிலாளரின் கையில் இல்லை. அதனைப் பிறரிடம் கேட்டுப் போராட நேர்ந்தது. இன்றைய அடுக்களையோ குடும்பத்தாரின் கையிலேயே உள்ளது. அதனைத் திருத்துவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இல்லந்தோறும் நலம் தழைப்பதாகுக!