விற்றவர் தந்த வாக்கு

(காரைக்காலில் இயக்கத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

  

விற்பது என்றால் என்ன, வாங்குவது என்றால் என்ன என்று காரைக்காலுக்கு வந்து நான் விளக்கப் புகுந்தால், அது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஏனெனில், இந்த ஊரே ஒரு காலத்தில் கைமாற்றிக் கொடுக்கப்பட்ட ஊர்!

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகுஜிக்கு அரியணைச் சிக்கல். பொருளும் துணையும் தேவை. பிரெஞ்சுக் கம்பெனிக்கோ, சோழ மண்டலக் கரையிலே கால் ஊன்ற ஒரு துறை தேவை. பேரம் நடந்தது. 1739-ஆம் ஆண்டு காரைக்கால் கைமாறிற்று. அரசலாற்றின் கரையிலே வலை உலர்த்திக் கொண்டிருந்த மீனவனை எவரும் கேட்கவில்லை. ஏர் பிடித்த உழவனைக் கேட்கவில்லை. தறியிலே அமர்ந்திருந்த நெசவாளியைக் கேட்கவில்லை. தோப்பை விற்றால் மரமும் சேர்ந்து போவதுபோல, ஊரோடு மக்களும் சேர்ந்து போனார்கள். வாங்கியவர் யார்? வேறொரு மன்னரா? இல்லை, தோழர்களே, கம்பெனி! வரவு செலவு பார்த்து, இலாபக் கணக்கு எழுதும் கம்பெனி!

"உமக்குச் சம்மதமா?" என்ற கேள்வி இந்த மண்ணுக்கு வந்து சேர, 215 ஆண்டுகள் ஆயின. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரிலே 178 பிரதிநிதிகள் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். அன்றுகூட ஒவ்வொரு குடிமகன் கையிலும் வாக்குச் சீட்டு தரப்படவில்லை, பிரதிநிதிகள்தாம் வாக்களித்தார்கள். ஆயினும், கேட்டார்கள்! மறுத்த எண்மரையும் எண்ணினார்கள்! கேட்காமல் நடந்த கைமாற்றத்துக்கும், கேட்டு நடந்த கைமாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் ஊரின் வரலாறு.

அந்த வரலாற்றைக் கையிலே வைத்துக்கொண்டு, கடல் கடந்து நடந்த மற்றொரு விற்பனையைப் பாருங்கள்.

அமெரிக்காவிலே பாமர் லக்கி என்றோர் இளைஞர். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவர். அந்த ஒரு வகையில் எனக்கு உறவினர்! கண்களை முழுவதும் மூடும் ஒரு கருவியை அவர் உருவாக்கினார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். நாற்காலியில் அமர்ந்தபடியே மலை உச்சியிலே நிற்கலாம். மெய்நிகர் உலகம் என்று இதற்குப் பெயர். ஆக்குலஸ் என்பது அவர் நிறுவனத்தின் பெயர். 2012-இல் பொதுமக்களிடம் கையேந்தினார். இரண்டரை இலட்சம் டாலர் கேட்டார். 9,500-க்கு மேற்பட்டோர் சேர்ந்து 24 இலட்சம் டாலரைக் குவித்துத் தந்தனர். பங்கு கேட்டுத் தந்ததல்ல அந்தப் பணம். ஓர் இளைஞன் புதுமை செய்கிறான், வளரட்டும் என்று தந்தது!

இரண்டாண்டு முடியவில்லை. 2014 மார்ச்சிலே, முகநூல் நிறுவனம் 200 கோடி டாலர் விலை பேசி ஆக்குலஸை வாங்கியது. அள்ளிக் கொடுத்தவர்கள் ஆர்ப்பரித்தார்களா? இல்லை, ஆத்திரப்பட்டார்கள்! 'மைன்கிராஃப்ட்' என்ற புகழ்பெற்ற விளையாட்டைப் படைத்த மார்கஸ் பெர்சன், தம் விளையாட்டை ஆக்குலசுக்குத் தருவது பற்றிய பேச்சையே முறித்துக் கொண்டார். தாம் கொடுத்த பத்தாயிரம் டாலர் முகநூலுக்கு விலை கூட்டிக் கொடுப்பதற்காக அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அப்போது அறிவாளிகள் சிலர் நகைத்தனர். "பணம் படைத்தவன் வாங்கினான், பொருள் மலிவாகும், தரம் உயரும். இதிலே சந்தேகம் எதற்கு?" என்றனர். அவர்கள் சொன்னதிலும் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பெருமுதல் வந்த பிறகே அந்தக் கருவி கம்பியை அறுத்துக் கொண்டது; கணிப்பொறித் துணையின்றித் தானே இயங்கிற்று; நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கும் இறங்கி வந்தது. முதல் இல்லாத புதுமை முளையிலேயே கருகும் என்பதை, நாடகக் கொட்டகைக்கு வாடகை கொடுக்கத் திண்டாடிய நான் அறிவேன்.

ஆனால், மக்கள் கேட்டது விலையைப் பற்றியா? "இனி எங்கள் வீட்டுக்குள் யார் எட்டிப் பார்ப்பார்?" என்றல்லவா கேட்டார்கள்! அதற்கு லக்கி வாக்குத் தந்தார்: இந்தக் கருவியைப் பயன்படுத்த முகநூல் கணக்கைத் திறக்க வேண்டிய நிலை வராது என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். மனமார நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் விற்றவருடைய வாக்கு வாங்கியவரைக் கட்டுமா? 2017-இல் அவர் அந்த நிறுவனத்தை விட்டே வெளியேறினார். 2020 அக்டோபரிலிருந்து, புதிதாக வருவோர் எல்லோரும் முகநூல் கணக்கோடுதான் உள்ளே நுழைய வேண்டும் என்ற விதி வந்தது. வாக்குத் தந்தவர் வெளியே. வாக்கை நம்பியவர் உள்ளே!

பிறகு என்ன நடந்தது? ஜெர்மனி நாட்டின் போட்டிக் கட்டுப்பாட்டு ஆணையம் அவ்வாண்டு டிசம்பரிலேயே விசாரணை தொடங்கியது. அந்த நாட்டிலே அக்கருவியின் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் முகநூல் கணக்கு இல்லாமலே நுழையும் வாயிலை அந்நிறுவனம் திறந்தது. அதுவும் அவர்களுடைய கணக்குத்தான், மெட்டா என்ற புதுப் பெயரில்! எனினும் ஒரு பிடி தளர்ந்தது. கண்டனம் மட்டும் முழங்கியபோது அசையாத கதவு, சட்டமும் சேர்ந்து தட்டியபோது அசைந்தது.

"விளையாட்டுக் கருவிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்பீர்கள். நான் நாடகக்காரன். எங்கள் கொட்டகையிலே பார்வையாளர் மேடையைப் பார்ப்பார். இந்தக் கொட்டகையிலோ மேடை பார்வையாளரைப் பார்க்கிறது! தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கை எவ்வளவு உயர்கிறது என்று நொடிதோறும் அளந்தால்தான் அந்தக் காட்சியே இயங்கும். 2020-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 511 பேரை ஆராய்ந்தனர். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப் பதிவைக் கொண்டே, இவர் இன்னார் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை கணிப்பொறி சரியாகச் சொல்லிவிட்டது. பெயரை மறைக்கலாம், முகத்தை மறைக்கலாம். தலை அசைக்கும் பழக்கத்தை எங்கே மறைப்பது?

அமெரிக்கக் கதை அமெரிக்காவோடு போகட்டும் என்று எண்ணுவோர், தம் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வாட்ஸ்அப் இருக்கிறது அல்லவா? அதே 2014-இல், ஆக்குலசுக்கு ஒரு மாதம் முன்னதாக, அதே முகநூல் 1,900 கோடி டாலருக்கு அதை விலை பேசிற்று. எதுவும் மாறாது என்று அதைத் தொடங்கியவர்கள் அன்று வாக்குத் தந்தனர். 2016-இல் பயனர்களின் தொலைபேசி எண்கள் முகநூலோடு பகிரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2018-க்குள் தொடங்கியவர் இருவருமே வெளியேறினர். 2021-இல், புதிய நிபந்தனையை ஏற்றுக்கொள் என்ற அறிவிப்பு ஒவ்வொரு இந்தியன் கைக்கும் வந்தது. ஏற்பது கட்டாயம் என்று ஆக்கியது குற்றம் எனக் கண்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது.

மாங்கனித் திருவிழாக் காணும் ஊர் இது. இரண்டாவது கனியின் சுவை வேறாக இருக்கவே, "இது எங்கிருந்து வந்தது?" என்று பரமதத்தன் கேட்டதாகக் கதை. கதையை நம்புவோர் நம்பட்டும். கேள்வி நல்ல கேள்வி! காசு கேளாமல் கையிலே விழும் கனி எதுவாயினும், எங்கிருந்து வந்தது, எவர் செலவில் வந்தது என்று கேளுங்கள். அப்படிக் கேட்பவனைச் சந்தேகப் பிராணி என்று ஏசுவோர், ஒரு முறை ஏமாந்தவனின் அறிவுக்கு வேறு பெயர் சூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

சந்தேகம் மட்டும் போதுமா, தோழர்களே? போதாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் பிறகு, 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவைப் படியுங்கள். நீதிமன்றமோ தீர்ப்பாயமோ ஒப்பிய நிறுவன இணைப்பு, கைமாற்றம் ஆகியவற்றுக்குத் தேவைப்படும் தரவுப் பணிகளுக்கு, மக்களிடம் ஒப்புதல் கேட்கும் கடமையிலிருந்து விலக்கு! எந்த வேளையில் கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டுமோ, அந்த வேளையிலே விலக்கு! 1739-ஐ அச்சடித்துச் சட்டப் புத்தகத்திலே ஒட்டியது போல் இருக்கிறதே!

நாம் கேட்பது பேராசை அல்ல. நிறுவனம் கைமாறினால், எங்கள் விவரமும் கைமாறுவதற்கு முன் எங்களை மீண்டும் கேள். வேண்டாம் என்றால் அழித்துவிடு. விற்றவர் தந்த வாக்கு, வாங்கியவரையும் கட்டும் என்று எழுது. இம்மூன்றும் நாடாளுமன்றத்திலே எழுத வேண்டியவை. புதுச்சேரிக்கு மக்களவையிலே ஓர் இடம்தான். ஒரு குரல்தான் எனினும், அந்தக் குரல் இதைப் பேசும்படி செய்வது நம் வேலை. கிளைதோறும் தீர்மானம் போடுங்கள், உறுப்பினருக்கு அனுப்புங்கள்.

இறுதியாக ஒன்று, கசப்பானது, ஆயினும் சொல்ல வேண்டியது. நம் கிளைகளிலே உறுப்பினர் படிவம் இருக்கிறது. பெயர், எண், தெரு, தொழில் எல்லாம் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலைக் குறிப்பெழுதிக் கையிலே வைத்திருக்கிறோம். அவை எந்தக் குழுவிலே பகிரப்படுகின்றன? தேர்தல் முடிந்ததும் யாரிடம் போகின்றன? கொடுத்தவரை நாம் கேட்டோமா? நம்மை நம்பி ஒரு மீனவத் தாய் எழுதித் தந்த எண்ணை, அவளைக் கேளாமல் வேறொருவரிடம் கொடுக்கும் தோழன், கம்பெனியைக் கண்டிக்க மேடை ஏறலாமா?

முதல் வேலையாக, நாளைக் காலை அந்தப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். தேவையற்றதை அழியுங்கள். தேவையானதை வைத்துக்கொள்ள, உரியவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். "வேண்டாம்" என்று எண்மர் சொன்னால், அந்த எண்மரையும் எண்ணுங்கள்.