அணை நின்றது, வீடு வீழ்ந்தது

(குச்சனூரில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

    

முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் மண் இது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நன்செய் அந்நீரை நம்பியே பயிர் வைக்கின்றது. 1895-இல் பென்னிகுயிக்கு கட்டி முடித்த அணையைத் தம் வீட்டு மூத்தவரைப் போற்றுவதுபோல் இங்குள்ள உழவர் போற்றுவர். ஆதலால் 'நிலநடுக்கம்' என்னும் சொல் காதில் விழுந்தவுடன் குச்சனூர் உழவரின் நினைவு தம் வீட்டுச் சுவருக்குச் செல்வதில்லை. நேரே அணைக்குச் செல்கின்றது. அணையை அகற்றுதற்கு அயலார் சொல்லும் சாக்கு அது என்று அவர் எண்ணுகின்றார்.

அவ்வாறு எண்ணுதற்குக் கரணியம் இல்லாமல் இல்லை. 1979-இல் அணையின் உறுதியைப் பற்றிய அச்சம் எழுப்பப்பெற்று, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் அணையின் தலையில் கற்காரை ஏற்றப்பட்டது. எஃகு வடங்களால் அடிப்பாறையோடு அணை பிணைக்கப்பட்டது. பின்புறத்தில் கற்காரைச் சுவர் அணைத்துக் கட்டப்பட்டது. முன்னாள் தலைமை நடுவர் ஆனந்து அவர்களின் தலைமையில் அமைந்த குழு, நிலநடுக்கத்தையும் கணக்கிற் கொண்டு ஆராய்ந்து, அணை உறுதியாகவே உள்ளதென்று 2012-இல் அறிக்கை தந்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நடுவர் அமர்வு, 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பு வழங்கியது. மலைக்கு அப்பால், அணையின் கீழே வாழ்வோரின் அச்சமும் மாந்தரின் அச்சமே. அதனை எள்ளுதல் தமிழ்ப்பண்பு அன்று. அணையை இடைவிடாது கண்காணிப்பதும், கண்டதை இருபுற மக்களுக்கும் ஒளிக்காமல் சொல்வதுமே அவ்வச்சத்திற்கு மருந்து.

அணையைப் பற்றி நாற்பது ஆண்டுக்கு மேல் பேசியாயிற்று. அணை நீரை உண்டு வாழ்பவரின் வீட்டைப் பற்றி யார் பேசினர்? இதுவே இன்றைய பொழிவின் பொருள்.

மராட்டிய மாநிலத்திலே கொய்னா என்றோர் அணை உண்டு. 1967 திசம்பர் 11-ஆம் நாள் விடியுமுன் அந்த அணையை ஒட்டியே நிலம் நடுங்கியது. அணையில் பிளவுகள் தோன்றின. ஆயினும் அணை நின்றது. பின்னர் அதனை வலுப்படுத்தினர். ஆனால், அணையின் அருகில் இருந்த கொய்னா நகரின் வீடுகளுள் பெரும்பாலானவை வீழ்ந்தன. ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது அணை நீர் அன்று. தலைக்கு மேலிருந்த கூரையும் பக்கத்திலிருந்த சுவருமே கொன்றன. அணை நின்றது, வீடு வீழ்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் நெஞ்சில் எழுதிவைக்க வேண்டிய பாடம் இது.

'இங்கே நிலம் நடுங்குமா?' என்று சிலர் வினவலாம். 1900 பிப்பிரவரி 8-ஆம் நாள் கோவையை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவிலான நடுக்கம் எழுந்து தென்னகம் முழுவதும் உணரப்பட்டது. 2000 திசம்பர் 12-இல் மலைக்கு அப்பால் ஈராற்றுப்பேட்டைப் பக்கத்தில் 5 அளவிலும், அடுத்த திங்களில் அதனினும் சற்றே குறைந்த அளவிலும் நிலம் அசைந்தது. 2011-இலும் இடுக்கி மாவட்டத்தில் சிறு நடுக்கங்கள் அடுத்தடுத்து எழுந்தன. மலை, மாநில எல்லையாக இருக்கலாம். நிலத்தின் அடிப்பாறைக்கு அந்த எல்லை தெரியாது.

'வரைபடத்தில் இது பேரிடர் மண்டலம் அன்றே' என்று ஆறுதல் கொள்வோர்க்குக் கில்லாரியின் கதையைச் சொல்ல வேண்டும். இலாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி, அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் இடர் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்தம்பர் 30-ஆம் நாள் விடியுமுன், பிள்ளையார் விழா முடித்து ஊர் உறங்கிய வேளையில், 6.2 அளவில் நிலம் நடுங்கிற்று. எண்ணாயிரம் பேர் அளவில் மாண்டனர். வரைபடத்தை நம்பி உறங்கியவர் எழவே இல்லை.

அங்கே கொன்றது எது? சேற்றை வைத்துக் கட்டிய தடித்த கற்சுவர். உட்புறம் ஒரு கல்வரிசை. வெளிப்புறம் ஒரு கல்வரிசை. இடையே சல்லியும் மண்ணும். இரு வரிசையையும் குறுக்கே பிணைக்கும் நீளக்கல் இல்லை. மேலே வெயில் தாங்க ஏற்றிய கனத்த மண்கூரை. நிலம் அசைந்தவுடன் சுவர் இரண்டாகப் பிரிந்து சரிந்தது. கூரை உறங்கியவர் மேல் இறங்கியது. இத்தகைய சுவர்கள் இப்பள்ளத்தாக்கின் பழைய தெருக்களில் இல்லையா என்பதை அவரவரே எண்ணிப் பார்த்துக் கொள்க.

நடுக்கம் பெரியதாயின் சாவும் பெரியதாகும் என்பது பொதுவான நம்பிக்கை. அது முழு உண்மையன்று. 2010 சனவரியில் எய்தி நாட்டில் 7.0 அளவில் நிலம் நடுங்கியது. ஓரிலக்கத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது பெரும்பாலான கணக்கு. அடுத்த திங்களிலேயே சிலி நாட்டில் 8.8 அளவில் நடுங்கியது. வெளிப்பட்ட ஆற்றல் எய்தியில் வெளிப்பட்டதைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு. கடற்பேரலையும் சேர்ந்து வந்தது. ஆயினும் இறந்தவர் ஏறத்தாழ 525 பேரே. இரண்டு நடுக்கங்களும் ஒரே இடத்தில் ஒரே ஆழத்தில் எழுந்தவை அல்ல. எனினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டிற்கு மண் மட்டும் விடையாகாது, ஆட்சியே விடை. சிலியில் கட்டட நெறி ஏட்டில் உறங்கவில்லை. கட்டி விற்றவர், கட்டடத்தின் உறுதிக்குப் பத்தாண்டு பொறுப்பேற்க வேண்டுமென்று அங்கே சட்டம் உண்டு.

அந்தப் பொறுப்பை அரசே தள்ளுபடி செய்தால் என்ன ஆகும்? துருக்கியில் 2018-இல், நெறி மீறிய கட்டடங்களுக்குப் பணம் பெற்றுக்கொண்டு மன்னிப்பு அளித்தனர். 2023 பிப்பிரவரி 6-ஆம் நாள் நிலம் நடுங்கியது. அந்நாட்டில் 50,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசு மன்னித்தது, நிலம் மன்னிக்கவில்லை. தமிழகத்துக்கும் இந்தப் பாடம் புதிதன்று. 2014 சூன் திங்களில் சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அன்று நிலம் நடுங்கவே இல்லை!

அன்பர்களே! இனிச் சட்டத்திற்கு வருவோர் ஒன்றை நினைக்க வேண்டும். 2004 திசம்பர் 26-ஆம் நாள் சுமத்திராவின் கடலடியில் எழுந்த நடுக்கம், பேரலையாய் வந்து தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிரைக் கொண்டது. ஓராண்டு நிறைவதற்கு மூன்று நாள் முன்பு, 2005 திசம்பர் 23-இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி நாட்டளவிலான ஆணையத்துக்குத் தலைமையமைச்சர் தலைவர். மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர். மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர்.

இம்மூன்றும் பலர்க்குத் தெரியும். நான்காவது ஒன்று உண்டு. அது பலர்க்குத் தெரியாது. அச்சட்டத்தின் 41-ஆம் பிரிவு உள்ளாட்சிக்குரியது. தன் அலுவலர்க்குப் பேரிடர்ப் பயிற்சி அளித்தல், வேண்டிய கருவிகளை அணியமாக வைத்திருத்தல், தன் எல்லைக்குள் எழும் கட்டுமானங்கள் இடர்தடுப்பு நெறிக்கு ஒத்திருக்கச் செய்தல் ஆகியவை உள்ளாட்சியின் கடமை என்று அப்பிரிவு விதிக்கின்றது. அஃதாவது, தில்லியில் ஓர் ஆணையம் இருப்பதால் குச்சனூர்ப் பேரூராட்சியின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. உரிமையைப் பற்றி உரத்துப் பேசும் ஊர், சட்டம் தன் கையில் கொடுத்த கடமையை அறியாமல் இருக்கலாமா? தன்னாட்சி என்பது முதலில் தன் தெருவை ஆள்வது அன்றோ!

நடுக்கத்துக்குப் பின் எழும் மீட்சியும் இதையே மெய்ப்பிக்கின்றது. 2001 சனவரி 26-ஆம் நாள் காலை, குசராத்தின் கட்சுப் பகுதியில் 7.7 அளவில் நிலம் நடுங்கி 13,800 பேர் அளவில் மாண்டனர். அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள்மேல், குறுகிய தெருவின் இருபுறக் கட்டடங்களும் சரிந்தன. அத்துயரின் நடுவிலும் அம்மாநிலம் இரண்டு வாரத்துக்குள் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. பெரும்பாலான வீடுகளைக் கட்டும் பொறுப்பை வீட்டுக்காரரிடமே விட்டது. பணம் தவணை தவணையாகத் தரப்பட்டது. முதல் தவணையில் எழுந்த வேலையைப் பொறியாளர் பார்த்து ஒப்பிய பின்னரே அடுத்த தவணை. கொத்தனார்க்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

நேபாளத்தில் 2015 ஏப்பிரல் 25-இல் 7.8 அளவிலான நடுக்கத்தால் 9,000 பேர் அளவில் மாண்டனர். அங்கே மீள்கட்டு ஆணையம் செயற்படத் தொடங்க எட்டுத் திங்கள் ஆயின. கட்சிப் பூசல் தீரும்வரை குளிர்காலம் காத்திருக்கவில்லை. மக்கள் தார்ப்பாய்க்கடியில் நடுங்கினர். மராட்டியத்திலோ, கில்லாரி நடுக்கத்தின்பின் 52 ஊர்களை முற்றாகப் பெயர்த்து வேறிடத்தில் கட்டினர். கட்டம் கட்டமாய் அகன்ற தெருக்கள் அமைந்தன. ஆனால் மாடு கட்டும் முற்றமும் பக்கத்து வீட்டுத் திண்ணையும் வயலின் அண்மையும் பலர்க்குத் தொலைந்தன. வீடு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. விரைவும் வேண்டும், வாழ்பவரைக் கேட்டுக் கட்டும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டையும் இடர் வந்தபின் கற்க முயல்வது, கண் கெட்டபின் கதிரவனை வணங்குவது போன்றதே.

இங்கேதான் தமிழின் பணி வருகின்றது. எளிய கல், செங்கல் வீடுகளை நடுக்கம் தாங்குமாறு கட்டும் நெறிகளை இந்தியத் தர அமைவனம் கில்லாரி நடுங்கிய 1993-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. நல்ல நெறிகள்தாம். ஆனால் அவை ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை. சுவரை எழுப்பும் கொத்தனார் ஆங்கிலம் படிப்பவர் அல்லர். கரணை பிடிக்கும் கைக்கும் அறிவு எழுதிய ஏட்டுக்கும் இடையே ஒரு மொழிச்சுவர் நிற்கின்றது. நிலம் நடுங்கும்போது எல்லாச் சுவரும் சரியலாம். அந்த ஒரு சுவர் மட்டும் சரியாது. அதனைத் தமிழர் தம் கையாலேயே இடித்தாக வேண்டும். தாய்மொழியில் ஆட்சியும் அறிவியலும் வேண்டுமென்று கேட்பது மேடை அழகுக்காக அன்று, உயிர் காப்பதற்காக.

அந்நெறிகளின் சாரத்தைத் தமிழில் நான்கு வரியில் சொல்லிவிடலாம். அடித்தளத்தின் மேலும், கதவு நிலைக்கு மேலும், கூரைக்குக் கீழும் கம்பி வைத்த கற்காரைப் பட்டை, அரைஞாண்போல் வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓட வேண்டும். கற்சுவராயின் இரு முகத்தையும் பிணைக்கும் நீளக்கல் இடையிடையே வேண்டும். மூலைகளைக் கம்பியால் பிணைக்க வேண்டும்; கதவும் காலதரும் மூலைக்கு நெருங்கி அமையக் கூடாது. கூரை கனம் குறைந்ததாகவும் சுவரோடு கட்டுண்டதாகவும் இருக்க வேண்டும். வீட்டைக் கட்டிப்பார் என்று பழமொழி சொல்கின்றது. கட்டும்போது இந்த நான்கையும் பார்த்துக் கட்டு என்று அதனோடு சேர்த்துச் சொல்க.

இவ்வூர் செய்ய வேண்டுவன சில. ஒன்று, பேரூராட்சி அனுமதிச் சீட்டோடு இந்நான்கு வரியையும் தமிழில் அச்சிட்டுத் தருதல். இரண்டு, பள்ளி, மருத்துவமனை, சத்துணவுக்கூடம் ஆகியவற்றின் சுவரையும் கூரையையும் பொறியாளரைக் கொண்டு ஆராய்ந்து, கண்டதை ஊரார் அறிய எழுதி ஒட்டுதல். மூன்று, கொத்தனார்க்குத் தமிழில் பயிற்சி. நான்கு, பள்ளிதோறும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை. 1923-இல் தோக்கியோவை அழித்த நடுக்கத்தின் நாளாகிய செப்தம்பர் 1-ஐச் சப்பானியர் இடர்தடுப்பு நாளாக்கி, ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கின்றனர்.

ஐந்தாவது, குச்சனூர்க்கே உரியது. நேபாளத்தில் நிலம் நடுங்கியது ஒரு காரிக்கிழமை நண்பகல். அந்நாட்டில் அது பள்ளி விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் பிள்ளைகள் பலர் தப்பினர். குச்சனூர்க்கோ காரிக்கிழமையே கூட்டநாள். ஆடித் திங்களில் சுரபியாற்றங்கரைக் காரிக்கோயிலுக்கு வெளியூர் மக்கள் திரள்கின்றனர். நிலம் நடுங்குவது கோளின் சினத்தால் அன்று. ஆனால் நடுங்கினால் அத்திரள் எவ்வழியே வெளியேறும், எந்தத் திடலில் நிற்கும் என்று ஊர் முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். தெருவை அடைக்கும் கடையும், நீட்டிக் கட்டிய மேல்தளமும் அன்று எமனாகும். அஞ்சார் நகரத்துப் பிள்ளைகளை இவ்வூர் மறத்தல் ஆகாது.

பெருமக்களே! அணையைக் காக்கக் குரல் கொடுத்த பள்ளத்தாக்கு இது. அக்குரல் ஓய வேண்டா. ஆனால் அணை காத்த கை, தன் பிள்ளை உறங்கும் அறையின் சுவரையும் ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். அணைநீர் வயலில் பாயும்போது, அறுவடை செய்ய உழவர் உயிரோடு இருக்க வேண்டும் அன்றோ!

நிலம் நாள் குறித்துவிட்டு வருவதில்லை. ஊர் நாள் குறிக்கலாம். அடுத்த பேரூராட்சிக் கூட்டத்தின் பொருள்நிரலில் 41-ஆம் பிரிவு முதல் வரியாக ஏறட்டும். அதைத் தமிழில் எழுதுக, உரக்கப் படிக்குக, செய்து முடிக்குக.

வாழ்க தமிழ்! காக்க தமிழ்க்குடி!