ஞானப்பல்லும் நமது கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் மணக்கும் இம்மேடையில் பல்லைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பல் போனால் சொல் போச்சு என்பது முதியோர் வாக்கு. சொல்லை வளர்க்கும் சங்கத்தில் பல்லுக்கும் சற்று இடம் உண்டன்றோ? நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வேயில் எழுத்தர் பணி புரிந்து வருகிறோம். எனினும் நம் ஜீவனஹள்ளி இல்லங்களில் ஞானப்பல் வலியை அஞ்சியஞ்சி வளர்த்துக்கொள்ளும் வழக்கம் இருத்தலால், மருத்துவர்கள் கூறுவனவற்றைத் தொகுத்துரைக்க விழைகின்றோம்.

ஞானப்பல் என்பது வாயின் கோடியில் கடைசியாக முளைக்கும் கடைவாய்ப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதிற்குள் தோன்றும். சிலருக்கு நான்கும் வரும். சிலருக்கு ஒன்றுமே வாராது. நிரம்பிய சைடிங்கில் கடைசியாக வந்த வாகன் பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்பது போல, தாடையில் இடமின்றி இப்பல் சாய்ந்தோ படுத்தோ சிக்கிக்கொள்கிறது. அதன்மேல் மூடிய ஈற்றின் இடுக்கில் உணவுத்துகள் தங்கிச் சீழ் பிடிக்கிறது. கன்னம் வீங்கும், வாய் திறக்க இயலாது, காய்ச்சலும் காணும்.

ஞானப்பல் இருந்தாலே பிடுங்க வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. தொல்லை தராத பல்லை முன்கூட்டியே எடுத்தல் வேண்டா என்று பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டிலேயே நெறி வகுத்தனர். ஆனால் மீண்டும் மீண்டும் சீழ் பிடித்தாலும், சொத்தை விழுந்தாலும், பக்கத்துப் பல்லைக் கெடுத்தாலும் எடுத்துவிடுதலே நன்று. பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குன்றும் என்பது வீண் அச்சம். பார்வை நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு.

முதலில் எக்ஸ்ரே எடுப்பர். கீழ்த்தாடைப் பல்லின் வேர்க்கு அருகே உதட்டிற்குச் செல்லும் நரம்பு ஓடுவதால் அதனைப் பார்த்தறிதல் அவசியம். இரத்த அழுத்தம், நீரிழிவு, கருவுற்ற நிலை, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை மறையாது சொல்லுக. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. பின்னர் மரத்துப்போகும் ஊசி போடுவர். அழுத்துவதும் அசைப்பதும் தெரியும். கூரிய வலி தெரியாது. தெரிந்தால் கையை உயர்த்துக. மேலும் மருந்து இடுவர். வேண்டுமாயின் ஈற்றைக் கீறி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவர்.

இனித்தான் நம் கடமை தொடங்குகிறது. பல் எடுத்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அதுவே புண்ணிற்கு இயற்கை இட்ட மூடி. அம்மூடியைக் காப்பதே மருத்துவத்தின் சரிபாதி. வைத்த பஞ்சை அரைமணி நேரத்திற்குக் குறையாமல் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் முழுதும் துப்புதல், கொப்பளித்தல், குழல் வைத்து உறிஞ்சுதல் கூடா. பீடி, சிகரெட், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றைப் புண் ஆறும்வரை தீண்டற்க. உமிழ்நீரில் சற்றே சிவப்புக் கலந்து வருவது இயல்பு. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் மேல் விட்டுவிட்டு ஒற்றுக. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் மிகுந்து பின் வடியும், அஞ்சற்க. குழையப் பிசைந்த தயிர்ச்சோறு, ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, பாலில் ஊறிய இட்டிலி ஆகியன ஏற்றவை. சுடு காப்பியும், காரக் குழம்பும், முறுக்கும் சில நாள் காத்திருக்கட்டும்! உதடு மரத்திருக்கையில் அதனைக் கடித்துவிடாதபடி குழந்தைகளைப் போலவே பெரியோரும் கவனமாயிருத்தல் வேண்டும்.

மூன்று நான்கு நாள் கழித்து வலி குறையாமல் காது வரை பாய்ந்தால், அம்மூடி கழன்றிருக்கலாம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துத் திணிக்காமல் மருத்துவரிடமே செல்க. அழுத்திக் கடித்தும் நில்லாத இரத்தம், கடுங்காய்ச்சல், மறுநாளும் தீராத மரப்பு ஆகியவற்றிற்கும் அவ்வாறே.

தாடைக்கும் கழுத்திற்கும் வீக்கம் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ இடர் நேரின் ஒரு நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைக. 1836-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த இந்நோய் உயிரையே கொள்ளவல்லது. கவனியாத கீழ்க்கடைவாய்ப்பல்லே பெரும்பாலும் இதன் பிறப்பிடம். கடையில் வாங்கிய வலி மாத்திரையால் நாளைத் தள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சிறப்பாக, வீட்டில் அனைவர்க்கும் மருந்து கொடுத்துத் தம் வலியை மட்டும் அடுத்த மாதத்திற்கு ஒத்திவைக்கும் தாய்மார்களை வேண்டுகிறோம்.

செலவை எண்ணித் தயங்கவும் வேண்டா. 1958-ஆம் ஆண்டில் தோன்றிய பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டைப் பகுதியில் விக்டோரியா மருத்துவமனையை அடுத்தே இருக்கிறது. இரயில்வே அன்பர்கள் தம் மருத்துவ அட்டையைப் பெட்டியில் பூட்டி வையாது பயன்படுத்துக.

வலியைப் பொறுத்தல் வீரமன்று. வேளையறிந்து நீக்கிக்கொள்ளுதலே ஞானம். அந்த ஞானம் நம் இல்லந்தோறும் முளைக்குமாக!