ரப்பருக்கு அரிசி



பால் வெட்டுவோரும் கிராணிமாரும் அறிய வேண்டிய ஒரு பேரத்தைச் சொல்ல வந்தோம்.

கொரியச் சண்டையில் ஏறிய ரப்பர் விலை 1952இல் சரிந்து கிடந்தது. இலங்கையில் ரப்பர் தேங்கியது, அரிசியோ கிடைக்கவில்லை. சீனாவிடம் அரிசி இருந்தது, ரப்பர் இல்லை. 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை போட்ட தடைதான் காரணம். மலாயாவை ஆண்ட வெள்ளையர் அதற்குக் கட்டுப்பட்டனர். இலங்கையோ அப்போது அச்சபையில் உறுப்பினரே அல்ல!

வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பேசி முடித்தார். 1952 டிசம்பரில் ஒப்பந்தம்: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் போகும், 2,70,000 டன் அரிசி வரும், ஐந்தாண்டுக்கு. சந்தை விலைக்கு மேலேயே சீனா கொடுத்தது. அமெரிக்கா முகம் சுளித்தது, உதவியை நிறுத்தியது; சின்னத் தீவு அசையவில்லை. இந்த ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நடந்தது.

கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1953இல் அதே அரசாங்கம் ரேஷன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது. அந்த ரப்பரில் ஒரு பங்கை வெட்டிய நம் இனத்தாருக்கோ 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையும் ஓட்டும் போயிருந்தன. அவர்களுக்காகப் பேச அந்த மேசையில் யார் இருந்தார்?

தோழர்களே, சம்பளப் பேச்சில் “விலை இறங்கிவிட்டது” என்று நிர்வாகம் சொன்னால், யாருக்கு, எந்த மாதம், என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்கச் சொல்லியே நம் பிரதிநிதிகளை அனுப்புகிறோம்.