வேறு வாத்தியத்திடம் படித்தவர்



இந்தப் பட்டமளிப்பு மேடையில் விஞ்ஞானிகளைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். நான் ஒரு டிரம்பெட் கலைஞரைப் பற்றிப் பேசுகிறேன். பெயர் ராய் எல்ட்ரிட்ஜ். 1911-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1930களில் நடன அரங்குகளை நிறைத்த ஸ்விங் என்ற ஜாஸ் வகையின் முன்னணி டிரம்பெட்காரர். ஆள் குள்ளம்; ‘லிட்டில் ஜாஸ்’ என்பது அவருடைய செல்லப்பெயர்.

டிரம்பெட்டில் மூன்றே வால்வுகள். விரல்களை ஒரே மாதிரி வைத்தாலும் பல சுரங்கள் வரும். எது ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை உதடும் மூச்சும். சாக்ஸபோனில் குழல் நெடுகச் சாவிகள் இருப்பதால் விரல் ஓடும் வேகத்துக்குச் சுரமும் ஓடும். அந்த ஓட்டத்தின்மீதுதான் ராய்க்கு ஆசை. கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1926-இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் பதிவுசெய்த ‘தி ஸ்டாம்பீட்’ இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு, ஹாக்கின்ஸின் தனிவாசிப்பை டிரம்பெட்டிலேயே வாசிக்கப் பழகினார். அப்போது அவர் பதின்ம வயதுப் பையன்.

வேகம் கைவந்தது. டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை நேரில் கேட்டபோதுதான், வாசிப்பைப் படிப்படியாக வளர்த்து உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பிடிபட்டது. 1941-இல் ஜீன் க்ரூப்பா குழுவோடு அவர் பதிவுசெய்த ‘ராக்கின் சேர்’ பாடலைத் தேடிக் கேளுங்கள். நிதானமான மெட்டு, கரகரப்பான தொனி, எதிர்பாராத இடத்தில் மேல்ஸ்தாயிக்கு ஒரு பாய்ச்சல். ஹாக்கின்ஸும் ஆம்ஸ்ட்ராங்கும் அதற்குள் இருக்கிறார்கள், ஆனால் கேட்பது ராயின் குரல்.

திறமை இருந்தும் கதவுகள் எல்லாம் திறக்கவில்லை. வெள்ளையர் குழுக்களோடு ஊர் ஊராகப் போனபோது, உடன் வாசித்தவர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடம் மறுத்தார்கள். விளம்பரப் பலகையில் அவர் பெயர் இருந்த அரங்கிலேயே அவரை உள்ளே விட மறுத்ததும் உண்டு.

அவருடைய வாசிப்பை வானொலியில் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞர், டிஸ்ஸி கில்லஸ்பி. 1937-இல் டெடி ஹில் குழுவில் முன்பு ராய் வகித்த இடம் அவருக்குக் கிடைத்தது. ராயைப் போலவே வாசித்ததுதான் காரணம். கில்லஸ்பி அதோடு நின்றுவிடவில்லை. 1940களில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரோடு சேர்ந்து பீபாப் என்ற புதுப்பாணியை உருவாக்கினார். அப்போது ராயின் பாணி பழசாகிவிட்டது. அவருக்கே தன்மீது சந்தேகம் வந்தது. 1950-இல் பென்னி குட்மேன் குழுவோடு ஐரோப்பா போனவர் பாரீஸில் தங்கிவிட்டார். அங்கே கிடைத்த வரவேற்பில் தெளிந்து, தன் வழியிலேயே வாசிப்பது என்ற முடிவோடு மறு ஆண்டு ஊர் திரும்பினார்.

அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 1982-இல் முதன்முறையாக ஜாஸ் மேதைகளுக்கு விருது வழங்கியபோது பெற்றவர்கள் மூவர்: சன் ரா, டிஸ்ஸி கில்லஸ்பி, ராய் எல்ட்ரிட்ஜ். முன்னோடியும் அவரைக் கேட்டு வளர்ந்தவரும் ஒரே பட்டியலில்!

மாணவர்களே, உங்கள் சான்றிதழில் ஒரு துறையின் பெயர்தான் அச்சாகியிருக்கும். ஆசான்களை அந்தத் துறைக்குள் மட்டும் தேடாதீர்கள். கட்டடக்கலை படித்தவருக்குக் கொத்தனார் சொல்லித்தர வேண்டியது நிறைய இருக்கிறது. மருத்துவம் படித்தவருக்கு அனுபவமுள்ள செவிலியர் சொல்லித்தர வேண்டியதும் அப்படியே. யாரிடம் கற்றாலும், அதை உங்கள் மூச்சால் வாசியுங்கள். உங்களிடம் கற்றவர் உங்களைத் தாண்டிப் போகும் நாளும் வரும். அன்று அவரைக் கைதட்டி வாழ்த்துங்கள். உங்கள் வாத்தியத்தை மட்டும் கீழே வைத்துவிடாதீர்கள்.