இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் கார்: சரி பண்ணுவதா, இன்ஜினை மாற்றுவதா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மெக்கானிக் இல்லை. காலண்டர், டைரி ஆர்டர் எடுக்க ஊர் ஊராகப் போகிறவன். என் கார் விஷயத்தை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் யாராவது கேட்கிறீர்கள். நம் பார்க்கிங்கிலும் நிறைய ஓடிய டீசல் வண்டிகள் நிற்கின்றன. அதனால் செயலாளர் பேசச் சொல்லிவிட்டார்.

என்னுடையது 2012 ஸ்விஃப்ட் டிசையர் டீசல். ஃபியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின். ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. அதனால் இன்ஜின் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நமக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

போன வருஷம் எட்டூர்வட்டம் டோல்கேட்டில் நின்றபோது பின்னால் நீலப் புகை. ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் காட்டிய இடத்தில், ஒரு நட்டுக்கூடக் கழற்றாமல், "இன்ஜின் முடிஞ்சுபோச்சு சார், செகண்ட்ஸ் இன்ஜின் போட்டுரலாம்" என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்கக் கையை நீட்டிவிட்டேன். வீட்டில்தான், "இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு குடுங்க" என்று தடுத்தார்கள்.

அடுத்து பார்த்தவர் வயதானவர். ஆயில் ஊற்றும் மூடியை, வண்டி ஐடிலில் ஓடும்போதே திறந்து பார்த்தார். அங்கிருந்து புகை அழுத்தத்தோடு அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம் என்றார். அப்படி அடிக்கவில்லை. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினார், ஆயில் ஒழுகியது. டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டினார், ஆடியது. பிறகு நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த சிலிண்டரில் வேலை, நாலும் தாழ்ந்திருந்தால்தான் முழு இன்ஜினைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். டர்போவையும் அதற்கு ஆயில் போகும் பைப்பையும் சரி செய்ததோடு வேலை முடிந்தது. காரணம் நான்தான். தீபாவளியிலிருந்து டிசம்பர் வரை சீசன் என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். ஆயில் கசடாகி பைப் அடைத்து, டர்போ காய்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் அவசியம் சொல்ல வேண்டும். டர்போவில் கசியும் ஆயிலையே டீசல் இன்ஜின் எரிபொருளாகக் குடித்து, தானாக ரேஸ் ஆக ஆரம்பிக்கலாம். அப்போது சாவியை எடுத்தாலும் நிற்காது. கியர் வண்டியானால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளட்சை விட வேண்டும், இன்ஜின் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். நின்றதும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். நம் ஊரில் சீசன் நேரத்தில் டிக்கியில் கிஃப்ட் பாக்ஸ் இல்லாத கார் குறைவு. நீலப் புகை விடும் வண்டியில் பட்டாசை ஏற்றாதீர்கள்.

எல்லா வண்டியும் இப்படித் தப்பிக்காது. சி பிளாக் அண்ணாச்சி சம்மதத்தோடு அவர் கதையையும் சொல்கிறேன். தண்ணி ஹோஸ் வெடித்த பிறகும், "வீடு பக்கம்தானே" என்று ஓட்டி வந்தார். ஹெட் வளைந்து, கீழே பேரிங்கும் போய்விட்டது. அவருக்கு உண்மையிலேயே பெரிய முடிவு.

இங்கேதான் நாம் கணக்கைத் தப்பாகப் போடுகிறோம். "வண்டியே ரெண்டு லட்சம் போகாது, அதுக்கு லட்ச ரூபாய் செலவா?" என்கிறோம். உதாரணத்துக்கு, கெட்ட இன்ஜினோடு விற்றால் ஒரு லட்சம், ரீகண்டிஷன் ஒரு லட்சம், வேறு பழைய கார் வாங்கினால் நாலு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒப்பிட வேண்டியது கையிலிருந்து போகும் மூன்று லட்சத்தையும் ஒரு லட்சத்தையும். அந்த நாலு லட்சம் கார் உள்ளே எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நம் வண்டியின் சரித்திரம் நமக்குத் தெரியும்.

ஆனால் கிளட்ச், சஸ்பென்ஷன், துரு, ஏ.சி. எல்லாம் சேர்ந்து வரிசையில் நின்றால் கணக்கு மாறிவிடும். ஆர்.சி.யில் எத்தனை வருஷம் பாக்கி என்றும் பாருங்கள். 15 வருஷம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. டீசலுக்கு 10 வருஷம்தான் என்பது டெல்லி வட்டாரத்துக் கதை, நமக்கில்லை. அண்ணாச்சிக்கு 15 வருஷம் நெருங்கிவிட்டது, அடித்தட்டிலும் துரு. விற்றுவிட்டார். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

செகண்ட்ஸ் இன்ஜின் போடுவதானால், சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் வேறெங்கே வாங்கினாலும், பில் இல்லாமல் வாங்காதீர்கள். இன்ஜின் நம்பர் மாறுவதை ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்சிலும் பதிய வேண்டும். பதியாவிட்டால் எஃப்.சி.யிலும் கிளெய்மிலும் மாட்டும். போரிங் போட்டு ரீகண்டிஷன் செய்வதானால் லேத் பட்டறை பில்லைத் தனியாகக் கேளுங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி வாங்குங்கள்.

என் வண்டி இப்போது 2,61,000-ஐத் தாண்டிவிட்டது. ஆயில் மாற்றிய தேதியை எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். டர்போவிலிருந்து கழற்றிய பழைய ஷாஃப்ட் வீட்டில் இருக்கிறது. தேய்மானம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், காபி சாப்பிட்டுக்கொண்டே காட்டுகிறேன்.